வெயிலில் மட்டும் நின்றுபோகும் ஏ.சி.: 1998 மாடல் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கம்ப்ரெஸர் பழுது குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்ட வண்டி 1998 மாடல் மெர்சிடீஸ் பென்ஸ் எஸ்.எல்.கே. 230. இரண்டே இருக்கைகளும், பொத்தானை அழுத்தினால் மடிந்து டிக்கிக்குள் போய் அமரும் உலோகக் கூரையும் கொண்ட இந்தத் தலைமுறை 1996 முதல் 2004 வரை தயாரிக்கப்பட்டது. முதல் உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த வண்டியை என் நண்பர் பதினோரு ஆண்டுகளுக்கு முன் வாங்கினார். சென்னை திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து மூன்று தெரு தள்ளி, மேற்கூரை மட்டும் உள்ள ஒரு ஷெட்டில் அது நிற்கிறது. கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதற்கும் இந்தப் பழுதுக்கும் தொடர்பு உண்டு என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

குறை ஏப்ரல் மாதம் தொடங்கியது. காலை ஏழு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) மாமல்லபுரம் வரை போய்வந்தால் ஏ.சி.யில் எந்தக் குறையும் இல்லை. வென்ட்டில் 7 டிகிரி காட்டியது. அதே வண்டி மாலை நான்கு மணிக்கு டைடல் பார்க் சிக்னல் நெரிசலில் இருபத்தைந்து நிமிடம் நின்றால் வெறுங்காற்றைத்தான் வீசியது. வென்ட்டில் 24 டிகிரி. நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடியும் குளிர்ந்தது. இத்துடன் பானட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல் சத்தமும், ஏ.சி. போட்டாலும் அணைத்தாலும் ஒரே மாதிரியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

என்னிடம் வருவதற்கு முன் வண்டி மூன்று பட்டறைகளைப் பார்த்திருந்தது. முதல் பட்டறையில் கேஸ் குறைவு என்று சொல்லி இரண்டு முறை கேஸ் போட்டார்கள். இரண்டாவது இடத்தில், ஏ.சி. கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரெஸருக்குள் இருக்கும் கன்ட்ரோல் வால்வு போய்விட்டது என்றார்கள். மூன்றாவது இடத்தில் கம்ப்ரெஸரே ஜாம் ஆகப்போகிறது, முழுதாக மாற்ற வேண்டும் என்று 68,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீடு எழுதிக் கொடுத்தார்கள். நண்பர் அந்தத் தாளை என் மேசைமேல் வைத்து, "மாத்திடலாம்னா மாத்திடலாம், ஆனா மாத்தின பிறகும் இதே கதைன்னா என்ன செய்யறது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அந்தத் தாளில் விலை இருந்ததே தவிர, எந்த அளவீடும் இல்லை.

இடையில் ஒரு சொல் குழப்பத்தையும் பதிவு செய்ய வேண்டும். இந்த வண்டியின் டிக்கி மூடியில் வலப்பக்கம் "கம்ப்ரெஸர்" என்றே ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் சூப்பர்சார்ஜரைக் குறிக்கும் சொல், ஏ.சி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. புதுப்பேட்டையில் நான்கு கடைகளில் "எஸ்.எல்.கே. கம்ப்ரெஸருக்கு கம்ப்ரெஸர் கிளட்ச் வேண்டும்" என்று கேட்டுப் பார்த்தால் இந்தக் குழப்பம் புரியும். அது வெறும் வேடிக்கையும் அல்ல: 2000-க்கு முந்தைய இந்த வகை வண்டிகளில் சூப்பர்சார்ஜருக்கும் ஏ.சி. கம்ப்ரெஸரைப் போலவே, பெல்ட் சுற்றும் புல்லியோடு தண்டை வேண்டும்போது மட்டும் இணைக்கும் ஒரு மின்காந்த கிளட்ச் உண்டு. ஆகவே ஒரே எஞ்சினில் இரண்டு காந்த கிளட்சுகளும், இரண்டு கிளட்ச் புல்லி பேரிங்குகளும் இருக்கின்றன; முனகுவது எது என்று காதால் மட்டும் தீர்மானித்தால் தவறான பொருளுக்குப் பணம் கட்ட நேரிடும்.

எனவே முதலில் சத்தத்தை எடுத்துக்கொண்டேன். ஏ.சி. கம்ப்ரெஸரின் புல்லி பேரிங், உள்வளையம் கம்ப்ரெஸர் உடலின் மூக்கில் அசையாமல் அமர்ந்திருக்க, வெளிவளையம் புல்லியோடு சுற்றும் அமைப்புடையது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம், கிளட்ச் பிடித்தாலும் விட்டாலும், அது சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்ரெஸருக்குள் இருக்கும் பிஸ்டனோ அதை இயக்கும் ஸ்வாஷ் பிளேட்டோ சத்தம் போட்டால், கிளட்ச் பிடித்தபோது மட்டுமே அது கேட்கும். இங்கே ஏ.சி. அணைந்திருந்தபோதும் சத்தம் இருந்ததால், மூன்றாவது பட்டறை சொன்ன "உள்ளே ஜாம்" என்ற கூற்று அங்கேயே வலுவிழந்தது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து ஒவ்வொரு புல்லியின் அருகிலும் கேட்டோம்; பிறகு பெல்ட்டைக் கழற்றி ஒவ்வொன்றையும் கையால் சுற்றினோம். சூப்பர்சார்ஜர் புல்லி வழுவழுவென்று சுற்றியது. டென்ஷனரில் குறையில்லை. ஏ.சி. கம்ப்ரெஸர் புல்லியைச் சுற்றியபோது மணல் அரைபடுவது போன்ற உணர்வு விரலில் தெரிந்தது. பெல்ட் இல்லாத நிலையில் கிளட்ச் தட்டைக் கையால் திருப்பியதும் கம்ப்ரெஸரின் தண்டு ஒரே சீரான எதிர்ப்புடன் சுற்றியது. கடிப்போ தடையோ எங்கும் இல்லை.

அடுத்தது அழுத்தம். இதில் பல பட்டறைகள் செய்யும் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். எஞ்சின் நின்றிருக்கும்போது கேஜ் மாட்டி, "நூறு காட்டுது, கேஸ் இருக்கு" என்று முடிவுக்கு வருகிறார்கள். இந்த ஏ.சி.யில் ஓடும் ஆர்-134ஏ கேஸ் திரவமாகக் கொஞ்சம் இருந்தாலே, 32 டிகிரியில் ஏறத்தாழ 105 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) காட்டும், இருநூறு கிராம் இருந்தாலும் எண்ணூறு கிராம் இருந்தாலும் அதே எண்தான். அந்த எண் வெப்பநிலையைச் சொல்கிறதே தவிர, எடையைச் சொல்வதில்லை. எனவே ஓட்டத்தில் பார்த்தோம். காலையில், குளிர்ந்த எஞ்சினில், கிளட்ச் பிடித்தவுடன் தாழ்வழுத்தப் பக்கம் 30 பி.எஸ்.ஐ.க்கு இறங்கி அங்கேயே நின்றது. இந்த வண்டியில் இருக்கும் டென்சோ 7எஸ்பி16சி என்ற கம்ப்ரெஸர் ஏழு பிஸ்டன்கள் கொண்டது. ஒரு சுற்றுக்குத் தள்ளும் அளவைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளக்கூடியது. உள்ளே இருக்கும் கன்ட்ரோல் வால்வு தாழ்வழுத்தத்தை ஏறத்தாழ அந்த இடத்தில் பிடித்து வைப்பதால்தான் கூலிங் காயிலில் பனிக்கட்டி பிடிக்காமல் இருக்கிறது. வால்வு கெட்டிருந்தால் அந்த எண் அப்படி நிலைகொண்டிருக்காது. இரண்டாவது பட்டறையின் தீர்ப்பையும் இத்துடன் தள்ளுபடி செய்தோம்.

உயரழுத்தப் பக்கம்தான் கவலை தந்தது. வண்டி நின்ற நிலையில், 34 டிகிரி நிழலில், பத்து நிமிடத்தில் 330 பி.எஸ்.ஐ. காட்டியது. ஒப்பீட்டுக்கு, 230 பி.எஸ்.ஐ. என்றால் கேஸ், வெப்பத்தை வெளிக்காற்றில் விடும் கண்டென்சருக்குள் ஏறத்தாழ 60 டிகிரியில் திரவமாகிறது என்று பொருள். 330 என்றால் 75 டிகிரி. வெளிக்காற்றுக்கும் கேஸுக்கும் இடையே நாற்பது டிகிரிக்கு மேல் வேறுபாடு தேவைப்படுகிறது என்றால், கண்டென்சரால் வெப்பத்தைத் தள்ள முடியவில்லை. நான் இதைக் குறித்துவைத்தேன். ஆனால் அப்போது உரிய மதிப்பு கொடுக்கவில்லை. அதன் விலை பின்னால் தெரிந்தது.

வண்டியை ஓடவிட்டுக் காத்திருந்தோம். இருபத்திரண்டாவது நிமிடத்தில் கிளட்ச் "டக்" என்று விட்டது, மறுபடி பிடிக்கவில்லை. கிளட்ச்சின் காந்தக் காயிலுக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு மரக்குச்சியின் முனையால் கிளட்ச் தட்டை லேசாக முன்தள்ளியதும் அது பிடித்து ஓடியது. இந்த ஒரு சோதனை பழுதின் இருப்பிடத்தைக் காட்டிவிட்டது: காந்தம் தட்டை இழுத்துப் பிடிக்கும் வலுவை இழந்திருந்தது. ஓடும் பெல்ட்டுக்கு அருகில் செய்யும் வேலை இது; குச்சி நீளமாக இருக்க வேண்டும், சட்டைக் கை மடிக்கப்பட்டிருக்க வேண்டும்.

வலு ஏன் குறைந்தது என்பதை எண்களால் பார்த்தோம். ஃபீலர் கேஜ் விட்டு அளந்தபோது தட்டுக்கும் புல்லிக்கும் இடையே 0.95 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. டென்சோ கிளட்சுகளுக்கு வழக்கமான அளவு 0.35 முதல் 0.65 வரை. காயிலின் மின்தடை குளிர்ந்த நிலையில் 3.7 ஓம். சூடான நிலையில் 4.8 ஓம். செம்புக் கம்பியின் தடை வெப்பத்தோடு ஏறுவது இயல்பு. அந்த ஏற்றத்தை வைத்துக் கணக்கிட்டால் காயில் 108 டிகிரி வரை சூடாகியிருக்கிறது என்று வருகிறது. ஆல்டர்னேட்டரில் 13.8 வோல்ட் இருக்க, காயிலின் முனையில் 11.1 வோல்ட்தான் இருந்தது. காணாமல்போன 2.7 வோல்ட்டில் 1.9 ரிலேயின் கரிந்த தொடுமுனைகளிலும், 0.8 எர்த் கம்பி பாடியோடு முடுக்கப்பட்ட இடத்திலும் விழுந்தது. அந்த எர்த் முனை பச்சை பூத்துப்போயிருந்தது. திருவான்மியூர்க் காற்றின் வேலை.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிவாகிறது. நல்ல நிலையில் காயிலில் 3.7 ஆம்பியர் ஓட வேண்டும். சூட்டிலும் குறைந்த வோல்ட்டிலும் ஓடியது 2.3 ஆம்பியர். காந்தத்தின் இழுவிசை மின்னோட்டத்தின் இருமடிக்கு நேராகவும், இடைவெளியின் இருமடிக்குத் தலைகீழாகவும் மாறும் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், 0.5 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள நல்ல கிளட்ச்சின் இழுவிசையில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. காலையில் பிடித்ததும் மாலையில் விட்டதும் புதிராக இருந்தன. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, காலையில் அது பிடித்ததுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

இப்போது என் தவறு. கேஸைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் முதலில் செய்வது என்று முடிவெடுத்தேன். ரிலே மாற்றப்பட்டது, எர்த் முனை சுரண்டிச் சுத்தம் செய்யப்பட்டது. கிளட்ச் தட்டின் நடு போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருந்த 0.5 மில்லிமீட்டர் ஷிம்மை (இடைவெளியை அமைக்கும் மெல்லிய வளையம்) எடுத்துவிட்டு 0.1 ஷிம்மை வைத்தோம், இடைவெளி 0.55 ஆனது. அரை நாள் வேலை, ஐந்நூறு ரூபாய்க்குள் செலவு. ஏ.சி. மாலை நெரிசலிலும் வேலை செய்தது. பேரிங் சத்தம் லேசாகத்தான் இருக்கிறது, சாமான் கிடைத்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பரை அனுப்பிவைத்தேன். பதின்மூன்றாம் நாள் கந்தன்சாவடி அருகே பேரிங் அலறத் தொடங்கி, கிளட்ச் தட்டு புகைந்தது. நல்லவேளையாக அவர் உடனே எஞ்சினை அணைத்தார். பேரிங் இறுகிப் பெல்ட் அறுந்திருந்தால் தண்ணீர் பம்பும் நின்றிருக்கும்.

நடந்தது இது: இடைவெளியைச் சரிசெய்ததால் கிளட்ச் முன்பைவிட உறுதியாகப் பிடித்தது, ஆனால் 330 பி.எஸ்.ஐ. உயரழுத்தத்தை எதிர்த்துத் தண்டைச் சுற்றவேண்டிய சுமை குறையவே இல்லை. சூடேறும்போது தட்டு கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. வழுக்கலில் பிறந்த வெப்பம் புல்லி வழியாக, ஏற்கெனவே கிரீஸ் வற்றியிருந்த பேரிங்குக்குள் இறங்கியது. நான் நோயின் கடைசிக் கண்ணியைப் பிடித்துச் சரிசெய்துவிட்டு முதல் கண்ணியை விட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை வேலையை முழுமையாக எடுத்துக்கொண்டோம். கிளட்ச் தட்டின் பின்புறம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அதைக் கழற்றியதும் கம்ப்ரெஸரின் மூக்கில் பச்சை கலந்த எண்ணெய்ப் பசை தெரிந்தது. புற ஊதா விளக்கில் அது ஒளிர்ந்தது. கேஸ் போட்ட பட்டறை கசிவைக் கண்டுபிடிக்கக் கலந்த சாயம், தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ஷாஃப்ட் சீல் வழியாகக் கசிந்து வெளியே வந்திருந்தது. கேஸ் ஏன் குறைந்தது என்ற கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. ஷாஃப்ட் சீலை மாற்ற கேஸைத் திறந்துதான் ஆக வேண்டும்.

இருந்த கேஸை ரெக்கவரி மெஷினில் இழுத்து எடை போட்டோம். பானட்டுக்குள் ஒட்டப்பட்ட லேபிளில் குறிப்பிட்ட அளவைவிட 180 கிராம் அதிகமாக இருந்தது. கசிவு இருந்தும் இவ்வளவு மிகுதி! எடை பார்க்காமல், குழாயைத் தொட்டுப் பார்த்து இரண்டு முறை கேஸ் போட்டதன் விளைவு. கண்டென்சரில் திரவம் தேங்கினால் கேஸ் குளிர்வதற்கான இடம் குறையும், உயரழுத்தம் ஏறும். கேஸைக் காற்றில் திறந்துவிடும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை: ஆர்-134ஏ ஒரு கிலோ வெளியேறினால், சுமார் 1,400 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு நிகராகப் புவியைச் சூடாக்கும். வால்வை அமுக்கி "புஸ்" என்று விடுவது ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தும் என்பதைத் தவிர அதற்கு எந்த நியாயமும் இல்லை.

கம்ப்ரெஸரைக் கீழ்வழியாக இறக்கி மேசைக்குக் கொண்டுவந்தோம். முதலில் எண்ணெயை வடித்து அளந்தோம்: 70 மில்லிலிட்டர், வெளிறிய தேன் நிறம், உலோகத் துகள் இல்லை. வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தும் மினுமினுப்பு தெரியவில்லை. 68,000 ரூபாய் மதிப்பீட்டுக்கு எதிரான மிக வலுவான சாட்சி அந்தத் துணிதான். எண்ணெய் கறுத்தோ வெள்ளி மினுக்கத்துடனோ இருந்திருந்தால் நானே கம்ப்ரெஸரை மாற்றச் சொல்லியிருப்பேன். அத்துடன் கண்டென்சரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றச் சொல்லியிருப்பேன். ஏனென்றால் அந்தத் துகள்கள் புதுக் கம்ப்ரெஸரையும் விட்டுவைக்காது.

புல்லி ஒரு சர்க்லிப்பிலும், அதன் பின்னால் காயில் இன்னொரு சர்க்லிப்பிலும் நிற்கின்றன. பழைய பேரிங்கின் ரப்பர் மூடியில் அழுத்தப்பட்டிருந்த எண்ணைத் துடைத்துப் படித்து, அதே எண்ணுடைய இரட்டை வரிசைப் பேரிங்கைப் பாரிமுனைப் பக்கத்துக் கடையொன்றில் வாங்கினோம். அளவு மட்டும் ஒத்துப்போகும் சாதாரண பேரிங் விலை பாதிதான். ஆனால் பெல்ட் இழுப்பதால் ஏற்படும் சாய்வுச் சுமையையும் எஞ்சின் பக்கச் சூட்டையும் தாங்கவே ஏ.சி. கிளட்சுக்கென்று தனி பேரிங் செய்கிறார்கள். புதுப்பேட்டை லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்து ஏற்றினார்கள். "சுத்தியால தட்டினாலே போயிடும் சார்" என்றார் பட்டறைக்காரர். வெளிவளையத்தின்மேல் மட்டும் அழுத்தம் விழும்படி ஒரு குழாய்த்துண்டு கடைந்து வாங்கிக்கொண்டோம். உள்வளையத்தை அழுத்தினால் உருண்டைகள் ஓடுபாதையில் பள்ளம் பதித்துவிடும். புதுப் பேரிங் முதல் நாளே முனகும். ஏற்றிய பிறகு புல்லியின் விளிம்பைச் சில இடங்களில் பஞ்ச் வைத்து அடித்து, பேரிங் நகராதபடி செய்தார்கள்.

கிளட்ச் தட்டு புதிது வாங்கினோம். காயிலை மாற்றவில்லை. அதன் தடை வெப்பத்தில் ஏறியது செம்பின் குணமே தவிரக் காயிலின் கோளாறு அல்ல. காப்பும் நன்றாக இருந்தது. பழசு என்பதற்காகவே ஒரு பாகத்தை மாற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

ஷாஃப்ட் சீல்தான் இந்த வேலையில் மிகவும் நுட்பமானது. தண்டின் நுனியில் இருக்கும் பற்கள் புதுச் சீலின் உதட்டில் ஒரு கீறல் போட்டாலும் ஆறு மாதத்தில் மறுபடி கசியும். அதற்கான கூம்பு வடிவக் கருவி எங்களிடம் இல்லாததால், பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுருட்டித் தண்டின்மேல் உறையாக மாட்டி, கம்ப்ரெஸர் எண்ணெய் தடவி, அதன்மேல் வழுக்கிச் சீலை உள்ளே இறக்கினோம். பிறகு ஃபிலிமை உருவி எடுத்தோம். சீல் அமரும் இடத்தில் தண்டை நகத்தால் வருடிப் பார்த்தபோது எந்தத் தேய்வு வரியும் இல்லை. இருந்திருந்தால் புதுச் சீல் வீண்.

வடித்த 70 மில்லிலிட்டருக்குப் பதிலாக, கேஸின் ஈரத்தை உறிஞ்சும் புது டிரையர் குடிக்கும் அளவையும் கசிந்துபோனதையும் சேர்த்து 90 மில்லிலிட்டர் புது எண்ணெய் ஊற்றினோம். கம்ப்ரெஸரின் உடலில் ஒட்டியிருந்த சீட்டு என்.டி.-8 வகை எண்ணெய் என்று சொன்னது, அதையே ஊற்றினோம். இந்த எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை வேகமாக உறிஞ்சும். சென்னையில் மூடி திறந்த டப்பாவை மறுநாள் பயன்படுத்துவதில்லை என்பதை விதியாக வைத்திருக்கிறேன். திறந்த மூட்டுகளின் ஓ-ரிங்குகளும் டிரையரும் பெல்ட்டும் புதிதாக மாற்றப்பட்டன.

கம்ப்ரெஸர் கீழே இருந்த நேரத்தில்தான் முதல் கண்ணியைத் தேடிப் போனோம். கண்டென்சரை முன்னால் பார்த்தால் சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரைச் சற்று நகர்த்தி இரண்டுக்கும் இடையே விளக்கடித்தபோது, ஈ.சி.ஆர். மணலும் வேப்பஞ்சருகும் எண்ணெயோடு கலந்து கம்பளிபோல் படிந்திருந்தன. பின்பக்கமிருந்து குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவினோம்; மூன்று வாளி கறுப்புத் தண்ணீர் வந்தது. மின்விசிறியின் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் கார்பன் பிரஷ் ஒன்று ஏறக்குறைய தீர்ந்துபோயிருந்தது. விசிறி சுற்றியது, ஆனால் சோம்பலாக. பட்டறைகள் மூன்றும் "விசிறி ஓடுது" என்று பார்த்துவிட்டு நகர்ந்திருக்கின்றன, நானும்தான். நெடுஞ்சாலையில் வண்டியின் வேகமே காற்றைத் தள்ளுவதால் விசிறியின் குறை வெளியே தெரியாது. சிக்னலில்தான் தெரியும். இந்த வண்டியின் உட்பகுதி மிகச் சிறியது என்பதும் குறையை மறைத்தது: அரைகுறையாகப் பிடிக்கும் கிளட்ச்சே இரண்டு பேர் அமரும் இடத்தைக் காலையில் குளிர்விக்கப் போதுமானதாக இருந்தது.

எல்லாவற்றையும் மாட்டிய பின் நைட்ரஜனை 150 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றி இரண்டு மணி நேரம் விட்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். பிறகு ஒரு மணி நேரம் வேக்யூம். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரெஸரை வேக்யூம் பம்ப்பாக மாற்றிப் பத்து நிமிடம் ஓட்டும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. ஆனால் 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டுமானால் அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தபின் ஈரம் வெளியேறுவதற்கும் நேரம் வேண்டும். கடைசியாக லேபிளில் உள்ள எடையைத் தராசில் வைத்து அளந்து கேஸ் போட்டோம். கிளட்ச் இடைவெளி 0.5.

மே மாதம் இரண்டாம் வாரம், அக்னி நட்சத்திரத்தின் நடுவில், 37 டிகிரி நிழலில் அளந்தபோது தாழ்வழுத்தம் 30, உயரழுத்தம் 235 பி.எஸ்.ஐ., வென்ட்டில் 8 டிகிரி. அதே டைடல் பார்க் நெரிசலில் நாற்பத்தைந்து நிமிடம் நின்றபின் வென்ட்டில் 11 டிகிரி. காயிலின் முனையில் 13.3 வோல்ட். மொத்தச் செலவு, லேத் கூலியும் டிரையரும் கிளட்ச் தட்டும் உட்பட, 18,400 ரூபாய். இதில் விசிறி மோட்டாருக்கான கார்பன் பிரஷ் 120 ரூபாய்.

இந்த முடிவுகளை வேறு வண்டிக்கு எடுத்துச் செல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வண்டி ஆலையிலிருந்தே ஆர்-134ஏ கேஸுடன் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கு முந்தைய பல வண்டிகளில் இருந்தது ஆர்-12. அதன் உற்பத்தியை இந்தியா 2008-இல் நிறுத்திவிட்டது. அவற்றில் ஊற்றப்பட்டிருக்கும் கனிம எண்ணெய் ஆர்-134ஏ-யோடு கலந்து ஓடாது என்பதால், ஷாஃப்ட் சீல் மாற்றுவதோடு வேலை முடியாது. எண்ணெயை முழுவதும் மாற்றி, டிரையரையும் ஓ-ரிங்குகளையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அக்டோபரில் வண்டியை மறுபடி மேடையேற்றி, கம்ப்ரெஸரின் மூக்கில் புற ஊதா விளக்கடித்தோம். சாயம் இல்லை. இடைவெளி 0.5-லேயே நிற்கிறது. எர்த் முனையில் மட்டும் லேசான பச்சை மறுபடி தெரிந்தது. சுரண்டி, கிரீஸ் தடவி முடுக்கியிருக்கிறோம்.